கப்பல் சுற்றுலாவில் உடம்புக்கு முடியாமல் போனால்: தனிமை விதிகள் பற்றி முதல்முறை பயணிகளுக்கு

சென்னையிலிருந்து குழுக்களைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது என் வேலை. புறப்படுவதற்கு முன் எல்லோரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுவோம். சாப்பாடு, நீச்சல்குளம், குழந்தைகளுக்கான விளையாட்டு என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நடுவழியில் வாந்தியோ காய்ச்சலோ வந்தால் என்ன செய்வார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானாக எடுத்தால், "நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதற்கு அந்தப் பேச்சு?" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். ஆனாலும் நான் விடுவதில்லை. தனிமை அறையில் தவித்துப்போனவர்கள் எல்லோருமே அதை எதிர்பார்க்காதவர்கள்தாம். அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டியதைச் சென்னையிலேயே யோசித்துவைத்தவர்கள் அமைதியாகக் கடந்துவிடுகிறார்கள்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகக் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சுற்றுலா தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுகிற குடும்பங்களும் நம் ஊரில் நிறைய. எந்தக் கப்பலில் ஏறினாலும் நோய் விதிகளின் அடிப்படை ஒன்றுதான். நாட்களின் எண்ணிக்கையும் கட்டண விஷயமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எதற்காகத் தனிமைப்படுத்துகிறார்கள்

கப்பல்காரர்கள் மிகவும் அஞ்சுவது நோரோ வைரஸ் என்கிற வயிற்றுக் கிருமியை. பத்து இருபது துகள்கள் வாய்க்குள் போனாலே போதும், ஆள் படுத்துவிடுவார். உடலுக்குள் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் ஆயிரம் பேர் ஒரே படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து, ஒரே கரண்டியால் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குத் தாவ ஒரு வேளைச் சாப்பாடு போதும்.

தனிமை என்றதும் பலருக்கு 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நினைவுக்கு வருகிறது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. அது உலகமே திகைத்து நின்ற காலம். இன்று ஒரு பயணிக்கு வயிறு கெட்டால் நடப்பது வேறு: அவருடைய அறையிலேயே அவரை இருக்கச் சொல்வார்கள், சாப்பாடு வாசலுக்கு வரும், மருத்துவக் குழுவினர் விசாரிப்பார்கள், குணமானதும் விட்டுவிடுவார்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் வகுத்திருக்கும் அளவுகோல் இது. 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ பேதியானாலும், வாந்தியோடு காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு, தலைவலி, உடல்வலி போன்ற ஒன்று சேர்ந்தாலும் அது தொற்றுக் கணக்கில் வரும். கடைசி அறிகுறி நின்றபின் குறைந்தது 24 மணி நேரம் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. உணவைக் கையாளும் ஊழியர் என்றால் 48 மணி நேரம். பயணிகளில் அல்லது ஊழியர்களில் 3 சதவீதம் பேருக்கு வந்துவிட்டால் தனி அறிக்கை போக வேண்டும். மற்றக் கடல்களில் ஓடும் கப்பல்களின் விதியும் ஏறக்குறைய இதே சாயலில்தான் இருக்கும். சில நிறுவனங்கள் பயணிகளையும் 48 மணி நேரம் வைத்திருக்கின்றன.

இருமலும் காய்ச்சலும் என்றால் கணக்கு வேறு. சாதாரண ஃப்ளூவுக்கு, பாராசிட்டமால் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்வது செல்லாது. கொரோனாவுக்கு எத்தனை நாள் என்பதை நிறுவனத்தின் விதிமுறைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னம்மை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கோடை விடுமுறையும் அம்மைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையெல்லாம் எடுத்தாகிவிட்டது, இனிக் கிளம்பலாம் என்று நினைப்போம். ஆனால் கூடவே படுத்து உருண்ட இன்னொரு குழந்தைக்கு அது வெளிப்பட 10 முதல் 21 நாள் வரை ஆகலாம். கப்பலில் கொப்புளம் கிளம்பினால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தனிமைதான், அல்லது அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். கூடப் பயணிக்கும் கர்ப்பிணிகளுக்கு அது பெரிய ஆபத்து. அந்த மூன்று வாரத்துக்குள் பயணம் விழுந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். பணம் போகும்தான், ஆனால் இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

டிக்கெட் எடுக்கும்போது

மூன்று விஷயங்களை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். தனிமையில் கழிந்த நாட்களுக்குப் பணம் திரும்புமா? ஏறும் முன்பே உடம்பு கெட்டால் தேதி மாற்றித் தருவார்களா? கூட இருப்பவர் நலமாக இருந்தால் அவருக்கு வேறு அறை கிடைக்குமா? வாயால் "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொன்னதைப் பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மின்னஞ்சலில் ஒரு வரி பதில் வாங்கிவையுங்கள்.

வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் ஜன்னல் உள்ள அறை எடுங்கள். உள்பக்க அறையில் வெளிச்சமே வராது. நன்றாக இருக்கும்போது தூங்க மட்டும்தானே போகிறோம் என்று தோன்றும். இரண்டு நாள் அதற்குள்ளேயே இருக்க நேர்ந்தால் பகலா இரவா என்று தெரியாமல் பெரியவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

பயணக் காப்பீட்டில் கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, கப்பல் மருத்துவரின் கட்டணம் அடங்குமா, அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் மருத்துவ மையத்தின் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்பீட்டில் கேட்க வேண்டியிருக்கும். கடன் அட்டையில் அதற்குக் கொஞ்சம் இடம் வைத்திருங்கள்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்

பெட்டியில் இல்லை, கைப்பையில். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, வெப்பமானி, பாராசிட்டமால், கப்பல் ஆட்டத்தால் வரும் வாந்திக்கான மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், சின்னச் சோப்பு. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பொட்டலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு விற்றன. அவற்றில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதற்கே தடை விதித்தது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அரை டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்த புளியோதரை, தொக்கு, முறுக்கு ஆகியவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. மின்சாரக் கெட்டிலும் கூடாது, தீ விபத்து அச்சம். கடையில் முத்திரையோடு விற்கும் கஞ்சி மாவுப் பாக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம், "வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் போனால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள் இவையெல்லாம் உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யலாம், வேறு சிக்கலும் வரலாம். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடவில்லையே என்று தாமாகவே அதை அடியோடு நிறுத்திவிடுவதும் ஆபத்து. இதை நள்ளிரவில் நடுக்கடலில் முடிவுசெய்ய முடியாது. நம்முடைய மாத்திரைப் பெயர்களே வேறு நாட்டுக் கப்பல் மருத்துவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். உட்பொருளின் பெயர் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

துறைமுகத்தில் படிவம்

சென்னையில் கப்பல் ஏறுபவர்கள் ராஜாஜி சாலை வழியாகத் துறைமுகத்துக்குள் போவார்கள், எதிரிலேயே கடற்கரை ரயில் நிலையம். ஏறும் முன் ஒரு சுகாதாரப் படிவம் வரும். கடந்த சில நாட்களில் காய்ச்சல், வாந்தி, பேதி இருந்ததா என்று கேட்பார்கள். முதல்நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டு நான்கு தடவை போய் வந்தவர்கூட "இல்லை" என்று குறித்துவிட்டு ஏறுகிறார். உண்மையைச் சொன்னால் மருத்துவர் பார்ப்பார். பலநேரம் ஏற விடுவார்கள், சிலநேரம் மறுப்பார்கள். பொய் சொல்லி ஏறிப் பிறகு தெரியவந்தால் காப்பீடும் கைவிரித்துவிடக்கூடும்.

படிவம் உங்களோடு முடிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, வெளிநாட்டுப் பயணம் முடித்து வரும் கப்பலின் தலைவர், கப்பலில் யாருக்காவது தொற்று இருக்கிறதா என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 1955ஆம் ஆண்டுத் துறைமுகச் சுகாதார விதிகள் இருக்கின்றன. சென்னையில் அதைப் பார்க்கத் துறைமுகச் சுகாதார அதிகாரி இருக்கிறார். ஒருவர் மறைத்தால் மொத்தக் கப்பலின் உறுதிமொழியும் பொய்யாகிறது.

முதல் மணி நேரம்

வாந்தி வந்தவுடன் எல்லோரும் கப்பல் ஆட்டம் என்றுதான் நினைக்கிறார்கள். ஆட்டத்தால் வரும் வாந்திக்குத் தலைசுற்றலும் வியர்வையும் துணை வரும். காய்ச்சலோ பேதியோ வராது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். பேதியும் சேர்ந்தால், கடல் அமைதியாக இருக்கும்போதும் வாந்தி நிற்காவிட்டால், கிருமி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ மையத்துக்கு நடந்து போகாதீர்கள். அறைத் தொலைபேசியில் அழையுங்கள். எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை, காய்ச்சல் எவ்வளவு, என்ன மாத்திரை போட்டீர்கள், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைத் தாமாகப் போடாதீர்கள். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அது கெடுதல். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மருத்துவர் வந்ததும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவையும் உண்டு. எந்த நோய் என்று நினைக்கிறீர்கள்? தனிமை எந்த மணியிலிருந்து கணக்கு? எது நின்றால் விடுவீர்கள்? அடுத்து யார், எப்போது வந்து பார்ப்பார்கள்? இந்தப் பதில்கள் தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். சில கப்பல்களில் உங்கள் அறை அட்டையிலேயே குறிப்பு ஏற்றிவிடுவார்கள். உணவகத்திலோ இறங்கும் வாசலிலோ காட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் போய் வந்துவிடலாம் என்று முயல வேண்டாம். மறுத்து அடம்பிடிப்பவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் அதிகாரம் கப்பல் தலைவருக்கு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பயணமென்றால் அந்த ஊர் விசா, விமானச் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும்.

அறைக்குள்

வாந்தி எடுத்ததும் மடமடவென்று தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே வரும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தேக்கரண்டியால் ஒரு வாய், இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு வாய். ஒரு மணி நேரம் தங்கினால் அளவைக் கூட்டலாம். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. பழச்சாறு, சோடா வேண்டாம்.

ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், பேச்சில் குழப்பம், குழந்தை அழுதாலும் கண்ணீர் வரவில்லை. இவற்றில் எது வந்தாலும் மறுபடி அழையுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு என்று கப்பல் சமையலறை அனுப்பும் தெளிந்த சூப் பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீர். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சிச் சாறு, மீன், முட்டை எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். வெறும் சாதமும் தயிரும், வாழைப்பழம், ரொட்டி, ஆப்பிள் கேளுங்கள். கூடவே இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

எங்கள் குழுவில் வந்த நங்கநல்லூர்ப் பெரியவர் ஒருவருக்கு இப்படி ஆனது. அவர் மனைவி அதே அறையில், மகனும் மருமகளும் பக்கத்து அறையில். மருமகள் தொலைபேசியில் சொன்னாள்: "அத்தை, மாமா எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிவையுங்கள். நீங்கள் வேறு குளியலறை இல்லாமல் தவிக்கிறீர்களே, ஒவ்வொரு முறையும் மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்." கப்பலில் தினமும் வரும் நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் அந்த அம்மா எழுதினார். காலை 4.10 வாந்தி. 4.40 பேதி. 5.15 பேதி, கொஞ்சம். 6.00 நாலு கரண்டி தண்ணீர், தங்கியது. சாய்ந்த எழுத்தில் இரண்டு நாள் கணக்கு. மருத்துவர் வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், எண்களைப் பார்த்தே கடைசி அறிகுறி எப்போது என்று கணக்கிட்டு விடுவிக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு தாள் இல்லாத அறைகளில், "நேற்று ராத்திரியா, இன்று காலையா" என்ற வாக்குவாதத்திலேயே அரை நாள் கூடுதலாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நலமாக இருப்பவர் வெளியே போகலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு நோய் என்றால் பெற்றோரில் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். இருவரும் மாறி மாறி உள்ளே போய் வருவதைவிட ஒருவரே பொறுப்பேற்பது நல்லது. தாய்மனம் கேட்காது, மடியில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும். போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கிருமியிடம் அதிகம் செல்லாது. கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். பஃபே வாசலில் ஒருவர் கையில் சானிடைசர் தெளித்தார் என்று நேராகத் தட்டில் கை வைக்காதீர்கள். கைகழுவும் தொட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்கான துணியை உதறாமல், அவர்கள் தரும் தனிப் பையில் கட்டிவையுங்கள். சுத்தம் செய்பவர்கள் குளோரின் கரைசலோடு கவச உடையில் வருவார்கள். அவர்களைப் பார்த்துக் கூச்சப்படவோ கோபப்படவோ வேண்டாம், அந்தப் பையன்களுக்குத் தொற்றினால் அவர்களும் அடைபடுவார்கள். இணைய வசதியை இலவசமாகத் தர முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

வெளியே வந்த பிறகும், சென்னை திரும்பியபிறகும்

மருத்துவர் விடுவித்துவிட்டாலும் மலத்தில் கிருமி இரண்டு வாரம் வரைகூட வெளியேறிக்கொண்டிருக்கும். நீச்சல்குளம் வேண்டாம், பிறருக்குப் பரிமாற வேண்டாம். வீடு திரும்பியதும் சமையலறைக்கு நான்கைந்து நாள் வேறு யாராவது பொறுப்பேற்கட்டும். "ஊருக்குப் போய் வந்தவள் ஒரு வாய் சமைக்கக் கூடாதா?" என்று கேட்டால் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கப்பலைவிட்டு இறங்கும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்: நோயின் பெயரும் தனிமை தொடங்கி முடிந்த நேரமும் எழுதி முத்திரையிட்ட மருத்துவர் சான்று, ஒவ்வொரு செலவும் தனித்தனியாக உள்ள ரசீது, தவறிய கரைச் சுற்றுலாக்களுக்கு முன்பணம் கட்டிய சீட்டு. கரைக்கு வந்தபின் கேட்டால் மின்னஞ்சலில் வாரக்கணக்கில் இழுக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லக் கெடு இருக்கும், கப்பலில் இருந்தே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

இறங்கும்போதும் உடம்பு சரியாகவில்லை என்றால் துறைமுகச் சுகாதாரப் பிரிவினரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். உடனே வண்டி தேவைப்பட்டால் 108. ஆலோசனைக்குத் தமிழ்நாடு அரசின் 104. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை துறைமுகத்திலிருந்து அதிக தூரமில்லை. மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. மருத்துவரிடம் முதல் வரியிலேயே கப்பலில் இருந்து வருகிறோம் என்றும், எந்தெந்தத் துறைமுகத்தில் இறங்கினோம் என்றும் சொல்லுங்கள்.